மார்கழிக் கேள்விக்கு வைகாசியில் பதில்

சோழவந்தான்
வைகாசி 20

மாப்ள,

மார்கழியில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. முதல் வெல்டிங் செட்டாக எதை வாங்கலாம் என்று நீ கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். பெல் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற திருச்சியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாயே, உன் கொழுப்பைச் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சுந்தரம் இன்னும் அந்த முந்நூறு ரூபாயைத் தரவில்லை.

போன வாரம் ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயும் என்னை மாதிரி ஏமாந்து நிற்பாய்.

மாசியில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 400 ஆம்பியர், விலையோ நாலாயிரத்துக்குள். நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். 200 ஆம்பியர் ஓட ராடு முனையில் சுமார் 28 வோல்ட் வேண்டும், பெருக்கினால் 5600 வாட். 400க்கு 36 வோல்ட், அது 14,400 வாட். வீட்டில் ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக் 230 வோல்டில் மொத்தமாகக் கொடுப்பதே 3680 வாட். மீதி எங்கிருந்து வரும், அழகர் மலையிலிருந்தா? இந்தக் கணக்கைப் பணம் கட்டிய பிறகுதான் போட்டேன் என்பது உனக்குள் இருக்கட்டும். 3.15 மில்லி கனமுள்ள ராடைப் போட்டால் பொறி வந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான்தான் தப்பாகப் பயன்படுத்தினேன் என்கிறான். போகட்டும்.

அப்புறம்தான் மூக்கையா அண்ணனிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வெல்டிங் செய்த மனுஷன். அவருடைய அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மர் செட்டை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது வருகிற இன்வெர்ட்டர் வகை வெல்டிங் செட் தோளில் மாட்டிக்கொண்டு போகிற எடைதான். சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் ஐந்தாறு பெட்டியை எடுத்து வைத்தார், இவர் ஒன்றையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டே கேள்வி. டியூட்டி சைக்கிள் எத்தனை சதவீதம், எந்த ஆம்பியரில்? பழுதானால் மதுரையிலேயே பார்ப்பீர்களா, பார்சல் கட்டி அனுப்பச் சொல்வீர்களா? இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் கொஞ்சம் இழுத்த பெட்டியெல்லாம் அங்கேயே கழிந்தது. கடைசியில் எடுத்தது ராடு வைத்துப் பற்றவைக்கிற ஆர்க் செட், ஒற்றை ஃபேஸில் ஓடும், 200 ஆம்பியர், ஏழாயிரத்துச் சொச்சம். முழு 200ஐ வீட்டு பிளக்கில் இதுவும் தராது, நம் வேலைக்கு அது தேவையும் இல்லை. நீயும் அதையே வாங்கு.

டியூட்டி சைக்கிள் 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டிவிட்டு நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். அதையும் பெரும்பாலும் 40 டிகிரி சூட்டுக்குத்தான் சொல்வார்கள், நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை போல. உனக்கு அந்தக் கவலை வேண்டாம். நீ செய்யப்போவது பூந்தொட்டி ஸ்டாண்டும் மாடிக்குப் பந்தலும். ஒரு இஞ்ச் சதுர பைப், கொஞ்சம் ஆங்கிள், அவ்வளவுதானே. 2.5 மில்லி ராடு, 6013 என்கிற ரகம், எழுபது எண்பது ஆம்பியர் போதும். அதற்கு வீட்டு லைனில் சுமார் பதினைந்து ஆம்பியர் இழுக்கும், அதனால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் மாட்டிவிடாதே. என்னுடையது உருகி, வீடு முழுக்க ஒரு வாரம் பிளாஸ்டிக் வாடை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர், தனி எம்சிபி போட்டுக்கொள், செலவைப் பார்க்காதே.

நீ மிக் செட்தான் வேண்டும் என்பாய், தெரியும். வீடியோவில் பார்த்திருப்பாய், கம்பி தானாக வரும், கசடு தட்ட வேண்டாம், வேலை வழவழவென்று இருக்கும். வாஸ்தவம்தான். ஆனால் பற்றுமிடத்தில் காற்றுப் படாமல் மறைக்க அதற்கு கேஸ் சிலிண்டர் வேண்டும், தீர்ந்தால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், உன் மொட்டை மாடியில் ஆடிக்காற்று அடித்தால் அந்த கேஸ் பற்றுமிடத்தில் நிற்காது, பற்றினதெல்லாம் புழு அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கேஸ் இல்லாமல் ஓட்டுகிற ஃப்ளக்ஸ் கம்பியும் இருக்கிறது, கம்பி விலை அதிகம். ஆர்கான் கேஸும் டங்ஸ்டன் முனையுமாக ஓட்டுகிற டிக் செட் பக்கம் நீ போகவே வேண்டாம், அதற்குப் பொறுமை வேண்டும், உனக்கு அது நாலாம் வகுப்பிலிருந்தே கிடையாது. ராடு செட்டில் கையைப் பழக்கு. மெல்லிய பைப்பில் ஓட்டை விழுந்தால் ஹோல்டரை மைனஸில் மாட்டிப்பார், அண்ணன் சொன்னது, எனக்குச் சரியாக வந்தது.

இன்னொன்று. பந்தலுக்கு போர்வெல்லில் மிஞ்சிய ஜிஐ பைப் கிடக்கிறது என்றாயே, அதை அப்படியே பற்றவைக்காதே. மேலே இருக்கிற துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், அதை இழுத்தால் ராத்திரி குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போடும். பற்றுமிடத்தில் இரண்டு பக்கமும் பூச்சை கிரைண்டரில் தேய்த்து எடு, காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நில்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை கொல்லையில் வேப்பமரத்தடியில் அம்மாவின் துளசித் தொட்டி ஸ்டாண்டுக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தேன். தானாகக் கறுக்கும் முகமூடி ஒன்று வாங்கியிருக்கிறேன், நல்லதுதான். ஆனால் டாக் அடிக்கும்போது, அதாவது துண்டுகள் நகராமல் நிற்க அங்கங்கே ஒரு பொட்டு மட்டும் பற்றவைக்கும்போது, ஒரு நொடிதானே என்று அதைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒன்றா இரண்டா, முப்பது நாற்பது. தங்கச்சி மகன் கவின் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். பார்க்காதேடா என்றேன், விரலால் கண்ணைப் பொத்தினான், நான் திரும்பி வேலையைப் பார்த்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு என் கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. எழுந்து குழாயைத் தேடினால் உள்ளே இருந்து அவன் அலறுகிறான், மாமா கண்ணுக்குள்ள மண்ணு, மண்ணு என்று. ஏழு வயசுப் பையன். எனக்குக் கை கால் ஓடவில்லை மாப்ள. என் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அவனைப் பார்க்கவும் முடியவில்லை, லைட்டைப் போட்டால் இரண்டு பேரும் கத்துகிறோம். அம்மா அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி வந்து ஊற்றலாம் என்று அந்த நேரத்தில் கிளம்பிவிட்டாள். தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத்துணியை வைத்துக்கொண்டு விடியும்வரை அவனை மடியில் போட்டிருந்தாள். இவன் கண் போய்விட்டால் என்ன செய்வேன் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

விடிந்ததும் மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெயில் பட்டுத் தோல் உரிகிற மாதிரி கண்ணின் மேல்தோல் புண்ணாகியிருக்கிறது, புற ஊதாக் கதிர், பட்டவுடன் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், ஓரிரு நாளில் ஆறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லி மருந்து கொடுத்தார். தாய்ப்பால் கூடாது என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு டோஸ் விழுந்தது. திங்கட்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது. தங்கச்சி வியாழக்கிழமைதான் என்னிடம் பேசினாள், அதுவும் சாப்பிட வா என்று மட்டும்.

உன் பேத்தி நாள் முழுக்க உன் பின்னாலேயே சுற்றுகிறாள் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். செட்டை ஆன் பண்ணுமுன் அவளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்து, பார்க்காதே என்று சொன்னால் போதாது. மாடியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டு, அக்கம்பக்கத்து ஜன்னலிலும் பிள்ளைகள் இருப்பார்கள். உடம்புக்குப் பருத்திச் சட்டை, காலுக்கு மூடின செருப்பு, பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம்.

கவின் நேற்று வந்து, மாமா எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கு, நானும் அடிக்கிறேன் என்றான். தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டாண்டு முடிந்துவிட்டது. நாலு காலில் மூன்றுதான் தரையைத் தொடுகிறது, குறுக்களவு பார்க்காமல் முழுசாகப் பற்றவைத்ததில் கோணிக்கொண்டது. அம்மா ஒரு காலுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டையை வைத்து அதன் மேல் துளசித் தொட்டியை ஏற்றிவிட்டாள். ஆடியில் வருவாய் அல்லவா, வரும்போது உன்னிடம் இருக்கிற அந்தப் பெரிய மூலமட்டத்தை எடுத்து வா. சுந்தரத்தையும் இழுத்து வா, பணத்தோடு.

உன்
பங்காளி