சட்டியில் போட்டதுதான் அகப்பையில் வருகிறதா?

அன்புள்ள ரவி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய செய்திக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை என்று மாலதி இரண்டு முறை குத்திக்காட்டிவிட்டாள். அம்மா நலம். பிடோக் வீடு இன்னும் விற்கவில்லை.

உன் ரத்தப் பரிசோதனையில் 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் 1.8 வந்ததை, உயர்நிலை நான்கில் கணக்குத் தாளைக் காட்டியது போலவே எனக்குக் காட்டியிருக்கிறாய். வாழ்த்துகள். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் துகளோடு பதினொரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் நான் என்பதால், என் புலம்பலை நீ கேட்டே ஆகவேண்டும்.

நீ நினைப்பதுபோல் அது வெறும் கொழுப்பு உருண்டை அன்று. எடையில் ஏறக்குறையப் பாதி புரதம். உருவாகும் பருவத்தில் அது உருண்டையாகக்கூட இருப்பதில்லை. ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டு. நடுவே இரண்டு அடுக்காகப் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புகள். விளிம்பைச் சுற்றி, 243 அமினோ அமிலங்கள் கொண்ட அபோ ஏ-1 புரதம் இரண்டு. இந்தப் புரதங்கள் விளிம்பில் எப்படி நிற்கின்றன என்பதுதான் பழைய சண்டை. வேலிக் கழிகளைப்போல் செங்குத்தாக நிற்கின்றன என்று பலர் நீண்ட காலம் நம்பினர். அகச்சிவப்பு அளவீடுகளும் அதையே ஆதரித்தன. 1997இல் வெளிவந்த இப்புரதத்தின் படிக அமைப்பு குதிரை லாடம்போல் வளைந்திருந்தது. அதில் கொழுப்பே இல்லை, புரதத்தின் முதல் 43 அமிலங்களும் இல்லை என்றாலும், அந்த வளைவைப் பற்றிக்கொண்டு 1999இல் செக்ரெஸ்ட் குழுவினர் இரட்டை அரைஞாண் மாதிரியை முன்வைத்தனர்: இரண்டு புரதங்களும் எதிரெதிர்த் திசையில் தட்டைச் சுற்றிக்கொள்ள, புரதச் சங்கிலி சுருண்டிருக்கும் துண்டுகளில், ஒன்றின் ஐந்தாம் சுருளுக்கு நேரே மற்றதன் ஐந்தாம் சுருள். அதே ஆண்டில் அகச்சிவப்பு அளவீடும் கட்சி மாறி, அரைஞாணுக்குச் சாட்சி சொன்னது.

என்னைத் தூங்கவிடாதது இந்தக் கட்சி மாற்றம்தான். நான் பயன்படுத்துவது, மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிடும் மார்ட்டினி என்னும் முறை. (சிரிக்காதே, அம்மா ஏற்கெனவே சந்தேகப்பட்டுவிட்டார்.) ஹைட்ரஜன் அல்லாத அணுக்களைச் சராசரியாக நான்கு நான்காக ஒரே மணியாக்கிவிடுவதால், கணினி நீண்ட நேரத்து அசைவுகளைத் தாங்குகிறது. அதற்கு விலையாக, புரதத்தின் எந்தப் பகுதி சுருள் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லிப் பூட்டிவிட வேண்டும். கொழுப்பை நீரில் சிதறவிட்டுத் தொடங்கினேன். தட்டு தானாகத் திரண்டது, புரதங்கள் விளிம்புக்கு ஓடின, நானும் அன்று மாலை கோப்பிக்கடையில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள்தான் உறைத்தது: சுருளை வைத்தது நான், அதன் ஒரு பக்கத்தைக் கொழுப்பு நாடுவதாக அமைத்ததும் நான் எடுத்த விதிகள்; பிறகு அது அரைஞாணாக நிற்பதைக் கண்டு வியப்பதும் நான். சட்டியில் போட்டதையே அகப்பையில் கண்டு மகிழ்ந்தேனா, ரவி? வேலிக் கழி மாதிரியை வரைந்தவர்களும் இதே நிம்மதியோடுதான் உறங்கியிருப்பார்கள்.

நம்பிக்கை தருவது ஒன்றுதான்: கணினியைக் கேட்காமலே, ஆய்வகத்தில் இரு புரதங்களின் அருகருகே உள்ள அமிலங்களை வேதிப் பாலங்களால் பிணைத்து, பிறகு துண்டாக்கி எடைபோட்டுப் பார்த்தவர்களும் ஐந்துக்கு எதிரே ஐந்து என்றே பெரும்பாலும் கண்டிருக்கிறார்கள். அந்த 43 அமிலங்கள் கொண்ட முனையைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் துணிவில்லை.

உன் 1.8க்கு வருகிறேன். எச்டிஎல்லை நன்றாகவே உயர்த்திய டார்செட்ராபிப் என்னும் மருந்தின் பெரும் சோதனை, மருந்து உண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆகவே காலையில் ஓடுவதை விட்டுவிடாதே.

இப்போது எல்லா அணுக்களையும் வைத்து, சுருளைப் பூட்டாமல், ஐந்துக்கு எதிரே ஐந்தாக ஒன்றும், சற்று விலக்கி மற்றொன்றுமாக இரண்டு கணக்கீடுகளை ஓடவிட்டிருக்கிறேன். எதில் உப்புப் பாலங்கள், அதாவது எதிரெதிர் மின்னூட்டமுள்ள அமிலங்களுக்கிடையிலான பிணைப்புகள், அதிக நேரம் தாங்குகின்றன என்று பார்க்கவேண்டும். வியாழக்கிழமை முடியும். எதிர்பார்த்தபடி வந்தால் நான் அழைக்கிறேன். வராவிட்டால் நீ அழை.

அன்புடன்,
வசந்தி