கிலோவாட் மணியில் 'க்கு' எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் மொட்டைமாடி சோலார் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. '10 கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு 10 கிலோவாட் மின்சாரம் தரும்' என்று போட்டிருந்தீர்கள். அந்த வரி செம்பூரில் எங்கள் சொசைட்டியில் சண்டை மூட்டிவிட்டது.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்த்து மாதம் 900 யூனிட் ஓடுகிறது. அதற்காக 10 கிலோவாட் பேனல் போட கொட்டேஷன் வாங்கியிருந்தோம். மூன்றாம் மாடி நண்பர் உங்கள் இதழும் கையுமாகக் கூட்டத்துக்கு வந்தார். "ஒரு நாளைக்கு 10 என்றால் மாதம் 300 யூனிட்தானே? இதற்கா இத்தனை லட்சம்?" பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கிலோவாட் என்பது மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது, அல்லது உற்பத்தியாகிறது என்ற கணக்கு. பில்லில் வருகிற யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகிற மொத்தம். மும்பை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 40. மழை பிடித்துக்கொண்டால் நன்றாகவே குறையும், அது வேறு விஷயம்.

அதே கட்டுரையில் யூனிட்டுக்கு விளக்கமாக 'மணிக்கு ஒரு கிலோவாட்' என்றும் இருந்தது. கொத்து வேலைக்கு நாலு ஆள் மூன்று நாள் வந்தால் 12 ஆள் கூலி என்கிறோம். ஆளையும் நாளையும் பெருக்குகிறோம். கிலோவாட் மணியும் அதே மாதிரிப் பெருக்கல்தான். ரயில் 'மணிக்கு 60 கிலோமீட்டர்' போகிறது என்று எழுதிய பழக்கத்தில் இங்கேயும் 'க்கு' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் பெருக்கல் வகுத்தலாகிவிடுகிறது.

31 வருஷம் இந்த ஊரில் வயரிங் வேலை பார்த்தவன் நான். வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரியும். நண்பரைக் கீழே மீட்டர் ரூமுக்கு அழைத்துப்போனேன். அவர் வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் போன் செய்து எல்லாவற்றையும் அணைத்து 75 வாட் ஃபேனை மட்டும் போடச் சொன்னோம். 15 நொடிக்கு ஒரு சிமிட்டல். அப்புறம் 2000 வாட் கீசர். நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. "இந்த வேகம்தான் கிலோவாட். மொத்தம் எத்தனை சிமிட்டல் என்பது யூனிட்" என்றேன். கீசரைக் கால் மணியில் அணைத்தால் அரை யூனிட்டோடு போகும். ஃபேன் ராப்பகலாக ஓடினால் 1.8 யூனிட். கீசர் போட்டதற்கு மனைவியைத் தினமும் கடிந்துகொள்கிற மனுஷர், கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடைசியில், "எல்லாம் சரிதான், ஆனால் பேப்பரில் அப்படிப் போடவில்லையே" என்றார்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் போட்டால் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவேன். செயலாளர் மராத்திக்காரர், அவருக்கு நான் வாசித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வயர்மேன் ஒருவன்,
செம்பூர், மும்பை.