வசனத்தோடு அதிகாரத்தையும் தாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத் திருச்சபைகளின் போதகர்களுக்கும், வேதபாட வகுப்பு நடத்தும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டையை, அதாவது புது ஆண்டுக்குத் தேவன் தரும் வாக்கு என ஒரு வேதவசனத்தை அச்சிட்ட அட்டையை, பற்றியது இம்மடல். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கடனிலும் நோயிலும் தவிக்கிறவருக்கு ஒற்றை வசனம் எத்தனை பெரிய பிடிமானம் என்பதை அறிவேன். ஆனால் அதை அதன் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து, "இந்த வருஷம் உங்களுக்கு இதுதான்" என்று பீடத்திலிருந்து அறிவிக்கும்போது, வேதம் சொல்லாததை வேதத்தின் பெயரால் சொல்லிவிடுகிறோம்.

உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்லும், அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11-ஐயே பாருங்கள். பூப்போட்ட ஓரம், மேலே புது ஆண்டின் எண், கீழே சபையின் பெயர் என எல்லாவற்றுக்கும் அட்டையில் இடமிருக்கிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதற்கு மட்டும் இல்லை. கி.மு. 597-இல் யூதாவின் ராஜாவான எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்திய வசனமே 70 வருஷம் என்று கெடு வைக்கிறது. அதாவது, கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்மூடுவார்கள். அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைவைத்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது கடிதம். பர்மாவிலும் மலாயாவிலும் பொருள் ஈட்டி, மாளிகையைச் சொந்த ஊரில் எழுப்பியவர்களின் நாடு இது. போன இடத்தில் வேரூன்றச் சொல்வது எவ்வளவு கடினமான கட்டளை என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அவன் சொன்னான். மக்கள் கேட்க விரும்பியதும் அதைத்தான். அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை என்றார் எரேமியா; அவ்வருஷமே அவன் செத்தான். 29:11-க்குப் பன்னிரண்டு மாதக் கெடு வைக்கிற பிரசங்கம் எரேமியாவைவிட அனனியாவுக்கே நெருக்கமானது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் 'ஆம்' என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் கிறிஸ்துவுக்குள் நமக்கு உறுதியாவது தேவன் சொன்னது, நாம் சேர்த்துக்கொண்ட கால அளவு அல்ல. விசுவாச வீரர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் 11-ஆம் அதிகாரமே, அவர்கள் வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்றுதான் 39-ஆம் வசனத்தில் சொல்கிறது. வருஷக் கடைசியில் வேலையோ குழந்தையோ கிடைக்காதவர், தம் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்து ஆராதனைக்கே வராமல் ஒதுங்குவதற்கு நம் பிரசங்கமும் ஒரு காரணம்.

ஆகவே, வரும் ஆண்டு அட்டையின் பின்புறத்தில் அந்த வசனத்தை யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார் என்பதை இரண்டு வரியில் அச்சிடுங்கள். ஜனவரி முதல் ஞாயிறன்று அந்த அதிகாரம் முழுவதையும் சபையில் வாசிக்கச் செய்து, அதன்பின் பிரசங்கியுங்கள்.

இங்ஙனம்,
சபை உறுப்பினர் ஒருவர், காரைக்குடி