பத்மினிக்கு எதற்கு 17 அங்குலச் சக்கரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றிய கட்டுரையையும், 17 அங்குல அலாய் வீல் மாட்டிய பத்மினி காரின் படத்தையும் பார்த்தேன். படத்துக்குக் கீழே 'புதுப்பொலிவு' என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பொலிவு போன வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

எங்களுடையது 1979 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கியது. ஸ்டீயரிங்கை ஒட்டியிருக்கும் அந்தக் கியரில்தான் நான் ஓட்டிப் பழகினேன். எனக்கு 66 வயது. இன்னமும் நான்தான் ஓட்டுகிறேன். பிறந்தநாள் பரிசு என்று அண்ணன் மகன் காலையில் வண்டியை எடுத்துப்போய் மாலையில் கொண்டுவந்து நிறுத்தினான். "அத்தை, வந்து பாருங்க!"

நிற்கும்போது அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பளபளவென்ற அலாய்க்கு நடுவே பழைய பிரேக் டிரம், அண்டாவுக்குள் கிடக்கும் டபரா மாதிரி தெரிந்தது.

இந்த வண்டிக்குக் கம்பெனி டயர் 5.20-14. ரிம் 14 அங்குலம். டயர் அகலம் 5.20 அங்குலம், அதாவது சுமார் 132 மில்லிமீட்டர். புதிதாகப் போட்டதோ 205/50 ஆர் 17, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், ரிம் 17 அங்குலம். ஒன்றரை மடங்கு அகலம். சக்கரத்தின் போல்ட் துளைகள் பொருந்தவில்லை என்று நடுவில் அடாப்டர் வேறு. சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. வாசலில் திருப்புவதற்குள் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே டயர் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டில்) உரசி 'கர்ர்' என்றது. சக்கரம் மாட்டிய கடையில் அதற்குச் செய்த வைத்தியம், ஃபெண்டரின் உள்விளிம்பைச் சுற்றிலும் வெட்டியெடுத்தது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அப்புறம் மழை. 205/50-ல் அந்த 50, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 50 சதவீதம் என்பது. 205-ல் பாதி என்றால் டயரின் பக்கச்சுவர் 10 சென்டிமீட்டர்தான். ஒரு பள்ளத்தில் இறங்கியதில் அலாய் விரிசல் விட்டது. முன்சக்கர பேரிங்கும் ஊளையிட ஆரம்பித்தது. "சக்கரத்தை இவ்வளவு வெளியே இழுத்தா பேரிங் என்னம்மா பண்ணும்?" என்று எங்கள் மெக்கானிக் என்னைத்தான் திட்டினார்.

50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. 2029-ல் எங்கள் வண்டிக்கு 50 நிறையும்போது அந்த ஃபெண்டரை யாரிடம் காட்டுவேன்?

அலாயைக் கழற்றிவிடலாம் என்றால் பழைய ரிம் நான்கையும் கடைக்காரர் எடைக்குப் போட்டிருந்தார். மும்பையிலேயே 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சி நின்றுவிட்டது. ரிம்முக்கு எங்கே போவது? அண்ணன் மகனே சென்னைக்குப் போய், பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து மூன்று கொண்டுவந்தான். இனி இப்படிப் படம் போட்டால், பழைய ரிம்மைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள் என்று ஒரு வரியாவது சேர்த்துப் போடுங்கள்.

நான்காவதற்கு டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறோம். இப்போது வண்டியில் ஸ்டெப்னி இல்லை.

ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.