கால்பந்துப் பயிற்சியாளரை ஓராண்டு நம்மோடு நிறுத்திக்கொள்ள ஒரு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். சென்ற பருவத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் நம் கல்லூரி அணிப் பையன்கள் 1-2 என்று தோற்றார்கள். எழுபதாவது நிமிடம் வரை நாம்தான் முன்னிலையில் இருந்தோம். அதன் பிறகு வாங்கிய இரண்டு கோலும் கார்னரிலிருந்து, அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்திலிருந்து, வந்தவை. இரண்டு முறையும் பந்து கோலின் தூரத்துக் கம்பத்தின் பக்கம் இறங்கியது. இரண்டு முறையும் அங்கே நம் ஆள் ஒருவர்கூட இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பிறகு அணித் தலைவன் எங்களில் ஒருவரிடம் கேட்டான்: "கார்னருக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்கு யார் அண்ணா சொல்லித் தந்தார்கள்?" அவன் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான். முன்னாள் ஆட்டக்காரர்களான நாங்கள் 24 பேர் சேர்ந்து இந்தக் குழுவை அமைத்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. இரையுமன்துறை தொடங்கி நீரோடி வரை எட்டு ஊர்களிலும் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகுகிறார்கள். 2019இல் இந்திய அணியில் இடம்பிடித்த மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். நம் அணியில் இன்று இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கடற்கரைப் பிள்ளைகள். மீதிப் பேர் ரப்பர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்.

கடற்கரை மணல் ஒரு பையனுக்கு நிறையக் கொடுக்கும். கணுக்கால் இரும்பாகிவிடும், வெறுங்காலில் பந்தை அடக்கும் லாவகம் வந்துவிடும். ஆனால் மணலில் பந்து உருளாது. அதனால் பையன்கள் பந்தைத் தூக்கியே அடித்துப் பழகுகிறார்கள். புல்தரையில் பூட்ஸ் போட்டு ஆடும்போதும் கால் தானாகப் பந்துக்கு அடியில் போய்விடுகிறது. பத்து கெஜத்தில் நிற்கும் தன் ஆளுக்குத் தரையோடு தட்டிக் கொடுக்க வேண்டிய பந்து, அவன் மார்புக்கு வருகிறது. அவன் அதை அடக்கித் திரும்புவதற்குள் எதிரணியின் ஆள் வந்து சேர்ந்துவிடுகிறான். இந்தப் பழக்கத்தை மாற்ற ஒருவர் தினமும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு நடக்கும் முகாமில் அது மாறாது. நம் உடற்கல்வி இயக்குநரும் தடகளம், கபடி, வாலிபால், கிரிக்கெட் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். அவரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

நமக்குக் கிடைத்திருக்கும் பயிற்சியாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் இதே கரையில் பிறந்தவர். அணி ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவராக, ஆடியவர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் டி லைசென்ஸ் வைத்திருக்கிறார், அடுத்து ஆசியக் கூட்டமைப்பின் சி லைசென்ஸுக்குத் தயாராகிறார். அரையிறுதித் தோல்விக்குப் பிறகு அவராகவே வந்து இரண்டு மாதம் பணம் வாங்காமல் பயிற்சி கொடுத்தார்.

முதல் நாள் அவர் பந்தையே எடுக்கவில்லை. பையன்களின் செருப்புகளை வாங்கி, பெனால்ட்டி ஏரியா அளவுக்குத் தரையில் பரப்பினார். ஒவ்வொரு செருப்பும் ஓர் ஆட்டக்காரர். கார்னர் அடிப்பவன் இடது காலா வலது காலா என்று கேட்டுக் கேட்டு, அதற்கேற்பச் செருப்புகளை நகர்த்தினார். தூரத்துக் கம்பத்தில் வைத்த செருப்பின் சொந்தக்காரனைக் கூப்பிட்டு, "இது உன் இடம். வீடு தீப்பிடித்தாலும் இங்கிருந்து நகராதே" என்றார். அன்று மாலை 40 கார்னர் அடிக்கச் சொல்லி, அவனை அங்கேயே நிற்க வைத்தார். இன்று அந்த இடத்தில் அவன் தானாகப் போய் நிற்கிறான்.

ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. பணம் வராத வேலைக்காக எத்தனை மாதம் கடலுக்குப் போகாமல் இருக்க முடியும்? கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் ஏறினால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அவர் படகேறிவிட்டால் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். நாங்கள் உங்களிடம் வந்திருப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

வரும் பருவத்தில் அணி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். கடந்த ஆண்டு ஆடிய பதினோரு பேரில் ஏழு பேர் இன்னும் படிக்கிறார்கள். நடுக்களத்தில் ஆடும் இருவரும் இரண்டாம் ஆண்டு முடிக்கிறார்கள். அவர்களைப் போன்ற ஜோடி நம் கல்லூரிக்குக் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இடது விங்கர் நல்ல வேகக்காரன், ஆனால் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஸ்டாப்பர் இருவருமே படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அதுதான் பெரிய ஓட்டை. முதலாண்டு மாணவர்களில் உயரமான இருவரைப் பயிற்சியாளர் பார்த்து வைத்திருக்கிறார். ஸ்டாப்பராக ஆடியவரே சொல்லித் தரும்போது அவர்கள் சீக்கிரம் தேறுவார்கள் என்று நம்புகிறோம்.

கோல்கீப்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் அப்பாவை இழந்த பிள்ளை அவன். கோடை விடுமுறையில் மாமாவின் படகில் போய்த்தான் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கிறான். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் அவன் கரையில் இருப்பான். அவனைப் போல இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். பருவமழையில் மைதானம் சேறாகும் என்று தெரிந்தும் முகாமை ஜூன் முதல் தேதியே தொடங்க நாங்கள் முடிவு செய்தது இதனால்தான்.

பயிற்சியின்போது பையன்களிடம் பயிற்சியாளர் அடிக்கடி ஓர் ஆட்டத்தைச் சொல்வார். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி வென்றால் பட்டம் உறுதி. ஆனால் இடைவேளையில் மினர்வா பஞ்சாபிடம் 0-1 என்று பின்தங்கியிருந்தது. முடிவில் 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டத்தை எடுத்தது. இரண்டாம் பாதியை எப்படி ஆடுவது என்பதுதான் நம் பையன்கள் இனிக் கற்க வேண்டிய பாடம்.

பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும்போது கைகொடுக்கும். ரயில்வே, காவல்துறை, அஞ்சல்துறை என்று நம் பழைய ஆட்டக்காரர்கள் பலர் அந்த வழியில் போனவர்கள்தான். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. பயிற்சியாளருக்கு மாதம் 18,000 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு 1,80,000 ரூபாய். பயிற்சி முடிந்ததும் 25 பேருக்கு இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், ஊறவைத்த கடலை. தலைக்கு 30 ரூபாய் என்று 120 நாளுக்கு 90,000 ரூபாய். வெறும் வயிற்றோடு ஓடிவிட்டு நேரே வகுப்புக்குப் போய் உட்காரும் பையன்களை நாங்கள் பார்த்திருக்கிறோம், அதனால் இந்தத் தொகையில் கை வைக்க மனம் வரவில்லை. போட்டிகளுக்குப் போய்வர வேன் வாடகை 36,000. இருபது பந்து 26,000. பூட்ஸ் வாங்க வழியில்லாத ஒன்பது பேருக்குப் பூட்ஸ் 13,500. கட்டுத்துணி, ஐஸ், மருந்து 14,500. ஆக மொத்தம் 3,60,000 ரூபாய். ஜெர்சிக்கு ஒரு பைசாவும் கேட்கவில்லை. பழையதே நன்றாக இருக்கிறது.

குழுவினர் 24 பேரும் ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு 72,000 சேர்த்துவிட்டோம். மீதி 2,88,000 ரூபாய்க்கு உங்களை நம்புகிறோம். 30 ரூபாயில் ஒரு பையனின் ஒரு நாள் சாப்பாடு முடியும், 1,500 ரூபாயில் ஒரு ஜோடி பூட்ஸ். ஒருவராகவோ நண்பர்கள் சேர்ந்தோ 18,000 கொடுத்தால் பயிற்சியாளரின் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டவர் ஆவீர்கள். எது முடியுமோ அது.

வாரத்தில் இரண்டு மாலை மாணவிகளுக்கும் பயிற்சி தரப் பயிற்சியாளர் இசைந்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்ற பிறகும் நம் கல்லூரியில் மாணவிகளுக்கு அணி இல்லாமல் இருப்பது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இந்த ஆண்டு பதினைந்து பேராவது சேர்ந்தால் அடுத்த பருவத்தில் அவர்களையும் போட்டிக்கு அனுப்பலாம்.

நன்கொடையைக் கல்லூரி அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள் உங்கள் ஆண்டு மாணவர்களின் பொறுப்பாளரிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்டு அனுப்பலாம். வரவும் செலவும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி மைதானத்துச் சுவரில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். மே 31க்குள் பாதித் தொகையாவது கைக்கு வந்துவிட்டால், பயிற்சியாளரிடம் படகேற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுவோம்.

வீட்டில் 7, 8, 9 அளவுகளில் பழைய பூட்ஸ் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். அடிப்பாகம் பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
முன்னாள் கால்பந்து ஆட்டக்காரர்கள் குழு