டபுள் கெப் எல்லா வேலைக்கும் உகந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதன் பின், கொழும்பின் கட்டட ஒப்பந்தக்காரர்களும் ஹாட்வெயார் கடைக்காரர்களும் “தொழிலுக்கு” என்று கூறிப் இரு வரிசை இருக்கைகளும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் கொண்ட பெரிய டபுள் கெப் வாகனங்களைத் தேடுவதைக் காண்கிறேன். நகருக்குள் பொருள் ஏற்றி இறக்குவோருக்கு அது பொருத்தமான தெரிவன்று என்பதே என் கருத்து.

டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபுள் கெப் ஏறத்தாழ 5.3 மீற்றர் நீளமானது; ஆனால் முன்பகுதியும் ஐந்து பேருக்கான இருக்கைகளும் போக, சரக்குத் தட்டுக்கு எஞ்சுவது சுமார் ஒன்றரை மீற்றர் மட்டுமே. நாம் டிமோ பட்டா என்றழைக்கும் சிறு சரக்கு வாகனமான டாட்டா ஏஸ் 3.8 மீற்றர் நீளமே கொண்டதாயினும் அதன் தட்டு இரண்டு மீற்றரைத் தாண்டும். எட்டுக்கு நான்கு அடி ப்ளைவூட் பலகையைப் பட்டாவில் தட்டையாகப் படுக்கவைத்தால் ஓரடி அளவுதான் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கெப்பிலோ அது சக்கர மேடுகளின் மேல் ஏறி நிற்க, பின்கதவையும் திறந்து வைத்துக் கயிறு கட்ட வேண்டியிருக்கும். தட்டின் உயரமும் சிறிய விடயமன்று: ஐம்பது கிலோ சீமெந்து மூடையை இடுப்புக்கு மேல் தூக்குபவர் வாகன உரிமையாளர் அல்லர். பக்கப் பலகைகளையும் இறக்கிவிடக்கூடிய தட்டு, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் நெரிசலில் எவ்வளவு உதவும் என்பதை அங்கு மூடை சுமக்கும் நாட்டாமைகளிடம் கேட்டால் தெரியும்.

ஒரு தொன் பாரத்தைக் கெப் தாங்கும், பட்டா திணறும் என்பது உண்மையே. எனினும் நாள்தோறும் அவ்வளவு பாரம் ஏற்றுபவருக்குத் தேவைப்படுவது சிறிய லொறியாகும்.

மலையகத் தோட்டப் பாதைகளிலும் மண்சரிவுக்குள்ளான வீதிகளிலும் ஆட்களையும் கருவிகளையும் ஒன்றாகக் கொண்டுசெல்லும் மின்சாரப் பணியாளர்களுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள டபுள் கெப் இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலி வீதியில் ஒருவர் மட்டும் அமர்ந்து, தட்டை மூடி ஓட்டிச் செல்லும் கெப்புக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2022இல் கியூ.ஆர். முறையில் எரிபொருளை அளந்து பெற்ற நாட்டில், கெப்பின் கூடுதல் எடையை டீசல் எரித்து இழுத்துச் செல்வதற்குத் தொழில் என்று பெயரிடுவது எனக்கு விளங்கவில்லை.

அரச நிறுவனங்களாயினும் தனியார் நிறுவனங்களாயினும், வாகனக் கொள்வனவுக்கு விலைமனு கோரும்போது ஏற்றப்படும் பொருளின் நீளம், எடை, பயணிப்போர் எண்ணிக்கை, பாதையின் தன்மை ஆகியவற்றை முதலில் எழுதி, வாகன வகையை அதன் பின்னரே குறிப்பிடுமாறு விதிக்க வேண்டும்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.