மோட்டார் சுவிட்சைப் பூட்டினால்: வளவு வீட்டுத் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் உன் வளவிலிருந்து மூன்று விஷயம் எழுதியிருந்தாய். வீட்டுக்கார அண்ணாச்சி மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, "பத்து நாள்ல காலி பண்ணு, வேற ஆளுக்குச் சொல்லியாச்சு" என்கிறார். போன மாத வாடகையைக் கொண்டுபோனால் வாங்க மாட்டேன் என்கிறார். கடைசி விஷயத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் முடித்துவிட்டாய். எனக்குப் பயம் தருவது அதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். 1960ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி உன்னை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அங்கே சொல்வதற்கு வீட்டுக்காரருக்குச் சுலபமாகக் கிடைக்கும் காரணம் வாடகைப் பாக்கி. இரண்டு மாதப் பாக்கி நின்று, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் கதை முடிந்தது. இன்றைக்கு வாங்க மறுக்கிறவர் நாளைக்கு "அஞ்சு மாசமா பைசா தரல" என்று மனுப் போட்டால், வாங்க மறுத்ததற்கு உன் கையில் சாட்சி இருக்காது.

ஆகவே இந்த வாரமே செய்யவேண்டியது: அவருடைய வங்கிக் கணக்குக்கோ, இதற்கு முன் வாடகை வாங்கிய ஜிபே எண்ணுக்கோ பணத்தை அனுப்பு. குறிப்பில் எந்த மாத வாடகை என்று மாதமும் வருஷமும் எழுது. வெறுமனே அனுப்பினால் கைமாற்று வாங்கிய பணத்தைத் திருப்பினாள் என்றுகூடச் சொல்வார்கள். கணக்கு எண் தெரியாது என்றால் மணியார்டர், அல்லது செக்கை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பு. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் பணம் கட்டும்போதே, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வேண்டும் என்று சொல்லிவிடு. வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காதே, அப்படியே வை. மேலே தபால்காரர் எழுதிய "வாங்க மறுத்தார்" என்ற வரி உனக்கு வக்கீலைவிட உதவும். இப்படித் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பியும் அவர் வாங்கவில்லை என்றால், வாடகை அதிகாரியிடமே (அவர் யார் என்று கீழே சொல்கிறேன்) வாடகையைக் கட்ட மனுச் செய்யலாம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் "அட்வான்ஸுல கழிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற பழக்கம் உண்டு. அவர் சம்மதித்து எழுதித் தராதவரை அது பாக்கிதான்.

இனி தண்ணீர். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. உடைத்த மறுநாள் "என் சொத்தைச் சேதப்படுத்திட்டா" என்று அவர் ஸ்டேஷனில் நிற்பார். பெட்டியை விட்டுவிட்டு முதலில் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறிப் பார். தொட்டியின் அடியிலிருந்து ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனித்தனிக் குழாய் இறங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். மற்ற வால்வுகளில் சக்கரப் பிடி இருந்து, உன் குழாயின் வால்வில் மட்டும் பிடியைக் கழற்றிவிட்டு மொட்டைத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், அவர் தண்ணீரை நிறுத்தியது உனக்கு மட்டும்தான் என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். வீடியோவை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடு: அன்றைய பேப்பரின் தேதி, தண்ணீர் கொட்டும் பக்கத்து வீட்டுக் குழாய், காய்ந்து கிடக்கும் உன் குழாய், பிறகு தட்டட்டி வால்வு, பூட்டுப் போட்ட பெட்டி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மூலக்கோப்பை அந்தப் போனிலேயே வை. நீதிமன்றத்தில் காட்டும்போது 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்று சேர்க்க வேண்டும். அது வக்கீல் வேலை, ஆனால் எடுத்த போன் தொலைந்தால் அவருக்கும் கஷ்டம். குடிதண்ணீர் வாங்கிய ரசீதுகளை வீசாதே.

கரண்ட்டையும் நிறுத்துவார் என்று எதிர்பார்த்திரு. ஈ.பி. பில்லில் இருக்கும் மின் இணைப்பு எண்ணை இன்றே குறித்துக்கொள். பியூஸைப் பிடுங்கியது அவரா, பில் கட்டாததால் மின்வாரியமா என்பது அந்த எண் இருந்தால்தான் தெரியும். வாரியம் என்றால் அந்த எண்ணைக் கொண்டு நீயே ஆன்லைனில் கட்டலாம். ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பற்றி அவருக்கு எழுத்தில் தெரிவி. நீயாகவே வாடகையில் கழித்துவிடாதே.

தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி, இவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு. உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை ஆட்சியர் இந்த வேலைக்கு நியமித்திருப்பார். உங்கள் கோட்டத்துக்கு யார் என்று கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் கேள். சேரன்மகாதேவி பக்கம் என்றால் அங்கே சார் ஆட்சியர் அலுவலகம். மனு ஒரு பக்கம் போதும்: எப்போது குடிவந்தாய், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, உனக்கு என்ன வேண்டும். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதே. இழுத்தடித்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடு. அங்கே கொடுத்த மனு எப்படியும் கீழேதான் வரும், ஆனால் எண்ணோடு வரும்.

இங்கே ஒரு சிக்கல், மறைக்க விரும்பவில்லை. உன் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது, அதுவும் காலாவதியாகிவிட்டது. இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகி, எண் வாங்கியிருக்க வேண்டும். பதினோரு மாதமானாலும் இது வேண்டும். பதிவு இல்லை என்று உன் மனுவைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி அவர் வாடகை நீதிமன்றம் போகவும் வழி இருக்கிறது. எனவே "புது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய நான் தயார்" என்று இப்போதே ஸ்பீடு போஸ்ட்டில் எழுது. மறுத்தவர் அவர் என்பதாவது பதிவாகட்டும். மனு திரும்பி வந்தால் முன்சீப் கோர்ட்டில், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றக்கூடாது என்று தடையுத்தரவு கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்காதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை, 15100க்கு அழை.

வீடு கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். டவுனில் ரத வீதிகளைச் சுற்றி அப்படி நிறைய உண்டு. அங்கே இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம்.

ராத்திரி ஒன்பது மணி விஷயம். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு, காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில்தான் அவர் வரலாம். அடுத்த முறை கதவைத் திறக்காமல் "பகல்ல வாங்க அண்ணாச்சி, எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல். போனில் பதிவு ஓடட்டும். மிரட்டினாலோ உள்ளே நுழைந்தாலோ 112. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான். வழிமறிப்பது, அத்துமீறி நுழைவது, மிரட்டுவது மூன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 329, 351ஆம் பிரிவுகளில் வரும் குற்றங்கள். புகாரில் வாடகைக் கதையை எழுதாமல், அந்த ராத்திரி நடந்ததை மட்டும் எழுது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. எப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பு: மாநகர் என்றால் கமிஷனர் அலுவலகம், புறநகர் என்றால் எஸ்.பி.

ஊரில் கோயில் கொடை வருகிறது என்று எழுதியிருந்தாய். போய் வா, ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போக வேண்டாம். அம்மாவையோ யாரையாவதோ இருக்கச் சொல். ஆள் இல்லாத நாலு நாளில்தான் பூட்டு மாறும், சாமான் வெளியே தார்சாவுக்கு வரும். அப்படியே நடந்தாலும் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் யார் சொத்து என்ற கேள்வியே வராது.

உன் தோழி ஒத்திக்கு இருக்கிறாள் என்றாயே, அவளுக்கு ஒன்று சொல். ஒத்தி என்பது அடமானம், பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் பத்திரத்தில் எழுதி மூன்று, நான்கு லட்சம் கொடுத்திருந்தால், அவள் அந்த வீட்டில் இருப்பதுதான் அவளுக்கு இருக்கிற பெரிய பிடி. பணம் கணக்குக்கு வராமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

நீ போவது என்று முடிவெடுத்தால் அதுவும் தவறில்லை. நச்சரிப்பில் தினமும் வாழ முடியாது. ஆனால் கிளம்பும் தேதியை நீ குறி. ஆடி, மார்கழியில் வீடு கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கிளம்பும் அன்று பட்டாசல் (கூடம்) சுவர், அடுக்களை, கக்கூஸ், ஈ.பி. மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடு. வெள்ளையடிக்க, பைப் மாற்ற என்று அட்வான்ஸில் கழிப்பது அங்கேதான். சாவி வாங்கியதற்குத் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், சாவியைக் கொடுக்கும்போது வளவில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, "இன்று மாலை 5 மணிக்குச் சாவி ஒப்படைத்தேன்" என்று அங்கே நின்றபடியே அவருக்கு மெசேஜ் அனுப்பிவிடு.

அன்புடன்,
அண்ணன்